நீலத்துக்குள் வளர்ந்த தோஷம்

அதிகம் பேசாதவனைப் பற்றி ஊரில் ஒரு நல்ல அபிப்பிராயம் உண்டு. ஆழமானவன், விஷயம் தெரிந்தவன், அதனால்தான் அமைதியாக இருக்கிறான் என்று நினைப்பார்கள். என்னைப் பற்றியும் ஒரு காலத்தில் சிலர் அப்படி நினைத்திருக்கலாம். ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து அதைக் கெடுத்துக்கொண்டேன். அதுவும் பெண் பார்க்கப் போன இடத்தில்.

என் மனைவி வீட்டார் கூடுகிற கல்யாணம், காதுகுத்து, கருமாதி (ஆமாம், கருமாதியிலும்தான்) எதிலும் இந்தக் கதையைச் சொல்லாமல் யாரும் கை கழுவப் போவதில்லை. சொல்லச் சொல்லக் கதை கொழுத்துக்கொண்டே வருகிறது. போன தடவை கேட்டபோது நான் மயங்கி விழுந்ததாகவும் முகத்தில் சோடா தெளித்து எழுப்பியதாகவும் ஆகியிருந்தது. நான் மயங்கி விழவில்லை. விழுந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. கேட்டுக் கேட்டு அலுத்தும் விட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பிறகு மலாக்காவில் காஜா பெராங் சடக்கு எனும் சாலையில் இருந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இருட்டறை வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி கந்தசாமிப் பிள்ளை, பல தலைமுறைக்கு முன்பே மலாயாவில் குடியேறிய கம்போங் செட்டிக்காரர். பெயர் சுத்தத் தமிழ், நெற்றியில் விபூதி, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில். ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். தமிழில் 'தம்பி', 'சாப்பாடு', 'சாமி' போன்ற சொற்கள் தெரியும். நான் அவரைத் தவுக்கே என்று கூப்பிடுவேன், மற்றவர்களைப் போல. எங்களுக்குள் பேச்சு குறைவு. நான் அந்த வேலையில் நிலைத்ததற்கு அதுவே காரணம்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த நேரம் அது. ஊரெல்லாம் கொடியும் ஊர்வலமும். எனக்குக் கிடைத்தது முகங்கள். குடியுரிமைப் பாரத்தில் ஒட்டப் படம் வேண்டும் என்று தோட்டத்திலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தவுக்கே முன்னால் படம் எடுப்பார்; நான் உள்ளே கழுவுவேன். நம் ஊர் வெக்கையில் மருந்துத் தண்ணீர் சூடேறிவிட்டால் பிலிமின் மேல்பூச்சு பாலாடை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் தினமும் மரத்தூள் போட்ட சாக்கில் ஐஸ் கட்டி வரும். ஒரு கையில் ஐஸ், ஒரு கையில் மருந்து, எதிரில் கறுப்பு வெள்ளை மாறிய முகங்கள். சாயங்காலம் வெளியே வந்தால் சடக்கில் போகிறவர்களின் பல் வெள்ளையாக இருப்பதே ஆச்சரியமாகத் தோன்றும்.

அந்தச் சமயத்தில் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் சாமான்களை விற்றுவிட்டுச் சொந்த ஊருக்குக் கிளம்பினார். கேமரா முக்காலி வாங்கப் போன தவுக்கே ஒரு மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் மனைவி கேட்டார். தவுக்கே லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வேலையில்லாத மதியங்களில் நாங்கள் இருவரும் அதற்குள் எட்டிப் பார்த்தோம். ஈயின் கால், உப்பு, தவுக்கேயின் மீசை முடி. பிறகு பழைய பெட்டிக் கேமராவை மைக்ராஸ்கோப்பின் மேல் கவிழ்த்து, இடுக்கில் வெளிச்சம் புகாதபடி கறுப்புத் துணி சுற்றி, தெரிந்ததைப் படமாகவும் எடுத்தோம். ஒருநாள் தவுக்கே தன் கோமேதக மோதிரத்தைக் கழற்றி அடியில் வைத்தார். மேல்பட்டையின் பளபளப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் கண்ணாடியில் ஏதோ எண்ணெய் விட்டுப் பார்ப்பதைக் கண்டதாகச் சொல்லி, சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவரச் செய்தார். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி மோதிரத்தை முக்கியதும் பளபளப்பு அடங்கிவிட்டது. வாசலில் மூடியிருந்த கதவைத் திறந்து உள்ளே விட்ட மாதிரி இருந்தது. சர்க்கரையைத் தண்ணீரில் போட்டால் கரைகிற இடத்தில் ஒரு சுழல் நெளியுமே, கல்லுக்குள் முழுக்க அந்த நெளிவு. நடுவில் கற்கண்டு போலச் சின்னச் சின்ன உருண்டைகள். தவுக்கே வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. கல்லுக்குள் கடல் இருக்கிறது என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். நான் எடுத்ததிலேயே நல்ல படங்கள் அந்த மாதத்தில் எடுத்தவை. அவற்றை வாங்கத்தான் யாரும் இல்லை.

இந்த நிலையில்தான் உஜோங் பாசிரில் ஒரு பெண் இருப்பதாகச் சேதி வந்தது. எனக்கு அப்பா அம்மா இல்லை. தவுக்கேயே பட்டுச் சட்டை போட்டு, சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்துப் பெரியவராக வந்தார்.

பெண்ணின் அப்பா வேலாயுதம், துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை. அவருடைய அக்கா தங்கம்மா கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். விசேஷத்துக்காக மலையிறங்கி வந்திருந்தார். மலாக்கா வெயிலிலும் கம்பளிச் சட்டையை மடியிலேயே வைத்திருந்தார், யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. பெண் பெயர் சரசு. தேத்தண்ணீரை வைக்கும்போது என் விரல்களைப் பார்த்தாள். மருந்தில் ஊறி நகமெல்லாம் பழுப்பு. நான் கையை மடக்கிக்கொண்டேன். "மருந்தா?" என்று மட்டும் கேட்டாள். அதுவரை அந்த விரல்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் பீடி என்றுதான் நினைத்தார்கள். அந்த ஒரு கேள்வியில் நான் முடிவு செய்துவிட்டேன்.

வேலாயுதம் என் சாதகத்தை எடுத்தார். எனக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம். அதற்கு மருமகனுக்குப் போடவென்றே ஒரு நீலக்கல் வைத்திருப்பதாகவும், சிலோன் கல் வியாபாரி ஒருவரிடம் வாங்கியது என்றும், கீற்றோ புள்ளியோ எந்தத் தோஷமும் இல்லாதது என்றும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் தலையாட்டினேன். மேலும் சொன்னார். மேலும் ஆட்டினேன்.

தங்கம்மா அத்தைக்குப் பொறுக்கவில்லை. "என்னாப்பா, மாப்பிள்ளை வாயில கொழுக்கட்டையா? ஆட்டுறாரு, ஆட்டுறாரு, ஒண்ணும் விழ மாட்டேங்குதே."

உள்ளே சிரிப்புச் சத்தம். அதில் சரசுவின் சிரிப்பும் இருந்திருக்குமோ என்று நினைத்ததும் எனக்குக் காது சுட்டது. எங்கிருந்து வந்ததோ தெரியாது, வாய் தானாகத் திறந்தது. "கல்லுக்குள்ள இருக்கிறத நான் படம் பிடிப்பேன்."

எல்லாரும் நிமிர்ந்தார்கள். வேலாயுதம் கேட்டார்: "எப்படி, எக்ஸ்ரே மாதிரியா?"

இல்லை என்று சொல்ல இன்னும் நாலைந்து வாக்கியம் பேச வேண்டியிருக்கும். அதற்குச் சோம்பிப்போய், ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

நீலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மற்றக் கற்களைப் போல அதை எடுத்து மாட்டிக்கொண்டுவிட முடியாது. ஒத்துக்கொண்டால் தூக்கிவிடும், ஒத்துக்கொள்ளாவிட்டால் கவிழ்த்துவிடும் என்பார்கள். அதனால் மோதிரம் செய்யும் முன் சில நாள் போடப்போகிறவனிடம் கொடுத்துத் தலையணைக்கடியில் வைத்துப் படுக்கச் சொல்வது வழக்கம். கெட்ட கனவு, கெட்ட சேதி ஏதும் வராவிட்டால் கல் ஒத்துக்கொண்டது. வேலாயுதம் கல்லைத் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தார். படமும் எடுத்தாற்போல் ஆயிற்று, பரீட்சையும் பார்த்தாற்போல் ஆயிற்று என்று அவருக்குச் சந்தோஷம். பரிசத்தன்று படத்தை எல்லாருக்கும் காட்டிவிட்டுத் தட்டு மாற்றலாம் என்றார். வாசல் வரை வந்து, "சூடு மட்டும் காட்டிராதீங்க மாப்பிள்ளை. நீலத்துக்குச் சூடு ஆகாது," என்றும் சொன்னார்.

கெட்ட கனவு எதுவும் வரவில்லை. கல் தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் தூங்கினால்தானே கனவு வர.

படம் எடுக்க உட்கார்ந்தபோது அவர் சொன்ன சூடுதான் மண்டையில் ஓடியது. கோமேதகத்துக்குப் பயன்படுத்திய பெரிய விளக்கு தோசைக்கல் மாதிரி காயும். அதை ஒதுக்கிவிட்டு அடியில் ஒரு டார்ச் லைட்டை வைத்தேன். அதன் வெளிச்சம் போதாது. கேமராவை வெகுநேரம் திறந்து வைத்தால்தான் படம் விழும். அத்தனை நேரத்தில் டார்ச் சூடும் ஏறிவிட்டால்? இருட்டறையில் ஐஸுக்கா பஞ்சம். எண்ணெய்க் கிண்ணத்தைச் சுற்றி ஐஸ் துண்டுகளைத் துணியில் உருட்டி, தலைவலிக்காரனுக்குப் பற்றுப் போடுவது போல வளையமாகக் கட்டினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

கண்ணால் பார்த்தபோது உள்ளே ஒரு குறையும் இல்லை. நீலம் எங்கும் ஒரே மாதிரி இல்லாமல், ஆழமும் ஆழமில்லாததுமாகப் பட்டை பட்டையாகக் கிடந்தது. ஒரு மூலையில் மட்டும் விடிகாலை மூட்டம் போல லேசான வெண்மை. கீற்று இல்லை, புள்ளி இல்லை. கேமராவைக் கவிழ்த்து, மூடியைத் திறந்து வைத்துவிட்டு, சரசுவிடம் பேச வேண்டிய வாக்கியங்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்ததும் படத்தைக் கழுவினேன்.

மருந்தில் மெல்ல எழுந்து வந்ததைப் பார்த்துச் சிவப்பு விளக்கை இன்னும் கிட்டே இழுத்தேன். கல் முழுக்க முடி. முடிக்குள் முடி. இறகு இறகாகக் கிளை விட்டு, சிலந்தி வலை போல மூலைக்கு மூலை பின்னிக் கிடந்தது. கைதவறி ஏதோ ஆகியிருக்கும் என்று மறுபடி எடுத்தேன். வலை இன்னும் அடர்த்தியாக வந்தது. கல்லை வெளியே எடுத்தபோது எண்ணெய் கொழகொழவென்று விரலில் ஒட்டியது. துடைத்தேன். அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. (மலாக்காவில் பிறந்து வளர்ந்தவன். தேங்காய் எண்ணெயை ஓடுகிற நிலையிலேயே பார்த்தவன்.)

படத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அதற்குள் தவுக்கே பார்த்துவிட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "சன்டெக்," என்றார். அழகு என்று அர்த்தம். அது அழகில்லை, என் கல்யாணத்துக்கு வைத்த வேட்டு என்று சொல்ல நினைத்தேன். தோஷத்துக்கு மலாயில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அதைப் பெரிதாகப் போட்டு, அட்டையில் ஒட்டி, சட்டமும் மாட்டிவிட்டார்.

பரிசத்தன்று பழத்தட்டுகளுக்கு நடுவே அந்தப் படத்தையும் வைத்தார், மல்லிகைச் சரம் சுற்றி.

முதலில் பார்த்தவர் சரசுவின் தாய்மாமா. ஆஸ்பத்திரியில் வார்டு வேலை செய்தவர். வீட்டில் யாருக்கு இருமல் வந்தாலும் அவர்தான் தீர்ப்புச் சொல்வார். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற ஆளின் நெஞ்சில்கூட எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும், கண் பொய் சொல்லும், படம் பொய் சொல்லாது என்று நிதானமாக விளக்கினார். பிறகு விரலை வைத்து, இது முடி, இது கீற்று, இது வலை என்று ஒவ்வொரு தோஷமாகக் காட்டினார். ஒன்றையும் விடவில்லை.

வேலாயுதம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "என்கிட்ட இருந்த வரைக்கும் சுத்தமா இருந்த கல்லு," என்று படத்தைப் பார்த்தபடி சொன்னார். "இவருகிட்டப் போய் நாலு நாள்ல இப்படி ஆயிருக்கு. கல்லுக்கே இவர ஒத்துக்கல. என் பொண்ணுக்கு எப்படி ஒத்துக்கும்?"

தட்டை எடுத்து ஓரமாக வைக்கச் சொன்னார். தவுக்கே என்னைப் பார்த்தார். ஐஸ், டார்ச், கண்ணால் பார்த்தபோது இருந்த தெளிவு எல்லாவற்றையும் நான் சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் என் மௌனத்தைக் குற்றம் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது உள்ளறை வாசலிலிருந்து சரசு பேசினாள். அலங்காரம் பண்ணி உட்கார வைத்த பெண் அந்தக் காலத்தில் பேசுவது வழக்கமில்லை. "படத்தப் பாத்துட்டு இருக்கீங்களே அப்பா, கல்ல ஒரு தடவ நேர்ல பாக்கக்கூடாதா?"

கல் என் மடியில் இருந்தது, மைக்ராஸ்கோப் கடையில்; அந்த வார்த்தையின் பேரில்தான் எல்லாரும் டிரைஷா பிடித்துக் காஜா பெராங்குக்குக் கிளம்பினோம். சமையலறையில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்த தங்கம்மா அத்தையும் கரண்டியை வைத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

இருட்டறை ஒரு ஆள் திரும்ப இடமுள்ள அறை. அதற்குள் பட்டு வேட்டியும் பட்டுப் புடவையுமாக ஐந்து பேர். வியர்வையும் மல்லிகையும் மருந்தும் கலந்த அந்த வாசனையை இன்றைக்கும் என்னால் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியும். எண்ணெய் ஊற்றி, கல்லைப் போட்டு, டார்ச்சைப் போட்டேன். வேலாயுதம் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுமில்லையே," என்றார். அவர் குரலில் உயிர் வந்தது. எனக்கும் வந்தது.

தாய்மாமா விடவில்லை. அன்றைக்கு எப்படி வைத்தேனோ அப்படியே இப்போதும் வைத்தால்தான் சோதனை செல்லும் என்றார். நான் ஐஸ் வளையத்தைக் கட்டினேன். வேலாயுதம் கண்ணை எடுக்காமல் குனிந்தே இருந்தார். ஐஸ் சொட்டுகிற சத்தம் மட்டும்.

"ஒரு முடி தெரியுது," என்றார் வேலாயுதம்.

கொஞ்ச நேரம் கழித்து, "கிளை விடுது."

பிறகு குரலே எழும்பாமல், "வளருதுப்பா. என் கண்ணு முன்னாலயே வளருது."

தாய்மாமா எட்டிப் பார்த்துவிட்டு முருகா என்று சுவரில் சாய்ந்தார். சுவரில் தொங்கிய ஈரப் படங்கள் இரண்டு அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டன. (யாரோ இருவரின் குடியுரிமை அங்கே கசங்கியது.) வேலாயுதம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கல்லை என்ன செய்தேன் என்று அவர் கேட்கவில்லை. நான் என்ன மாதிரி ஆள் என்று அந்தப் பார்வை கேட்டது. இந்தக் கல்யாணம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சரசு கேட்ட 'மருந்தா?' என்ற அந்த ஒரு கேள்வியோடு மிச்ச நாளை ஓட்டிவிடலாம் என்றுகூட மனதைத் தயார் செய்யத் தொடங்கினேன்.

"வழி விடுங்க," என்று தங்கம்மா அத்தை எல்லாரையும் முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தார். விளக்கைப் போடச் சொன்னார். அவர் மைக்ராஸ்கோப்பின் குழாயில் கண்ணை வைக்கவே இல்லை. கீழே இருந்த கிண்ணத்தைப் பார்த்தார்.

"இது என்னா எண்ணெய்?"

"தேங்கா எண்ணெய்," என்றேன்.

கிண்ணத்துக்குள் விரலை விட்டு வழித்தார். விரல் நுனியில் வெள்ளையாகக் கொஞ்சம் வந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார், உருகியது. அதை அப்படியே தலையில் தடவிக்கொண்டு வேலாயுதத்தைப் பார்த்தார். "எண்ணெய் உறைஞ்சிருக்குடா தம்பி. எங்க மலையில தெனம் விடிஞ்சா இந்தத் தோஷந்தான். போத்தல வெயில்ல வச்சாத்தான் தலைக்கு எண்ணெய்."

யாரும் நம்பவில்லை. அவர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அறையை விட்டு, கடையை விட்டு, அஞ்சடி நடைபாதையைத் தாண்டி, சடக்கோரத்து வெயிலில் கொண்டுபோய் வைத்தார். நாங்கள் சுற்றி நின்று குனிந்து பார்த்தோம். சடக்கில் போன இரண்டு பேரும் காரணம் தெரியாமலே குனிந்து பார்த்தார்கள். வெள்ளை ஓரத்திலிருந்து கரைந்துகொண்டே வந்து, நடுவில் ஒரு திட்டாக மிதந்து, அதுவும் போயிற்று. தெளிந்த எண்ணெயின் அடியில் கல் நீலமாகக் கிடந்தது.

"போச்சு உங்க தோஷம்," என்றார் அத்தை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் சட்டைக் கை நனைந்து, வாய் பாதி திறந்தபடி கதவோரமாக நின்றிருந்தேன். "இவரும் அந்த எண்ணெய் சாதிதான். லேசாக் குளிர் பட்டாலும் உறைஞ்சிடுறாரு. பிடிச்சு இவரையும் வெயில்ல வைங்க."

வைத்தார்கள். தாய்மாமாவே என் தோளைப் பிடித்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். வேலாயுதம் என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு சடக்கோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். என் மாமனார் அப்படிச் சிரித்ததை அதற்குப் பின்னாலும் நான் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்தேதான்.

அன்று சாயங்காலமே தட்டு மாற்றினார்கள். மோதிரத்தில் அந்தக் கல்லை வைக்கவில்லை. அதை என் விரலில் பார்த்தால் தாலி கட்டும் நேரத்தில் தனக்குச் சிரிப்பு வந்துவிடும் என்று மாமனார் பயந்தார். ஏழரைச் சனி தன் போக்கில் வந்து தன் போக்கில் போனது. படத்தைத் தவுக்கே கழற்ற மறுத்து, கடை முகப்பில் கல்யாணப் பெண்களின் படங்களுக்கு நடுவே தொங்கவிட்டார். எந்த நாட்டுப் பனி என்று பலர் விசாரித்தார்கள். உண்மையில் அது நல்ல படம்தான். எத்தனையோ முகம், எத்தனையோ கல்லுக்குள் படம் எடுத்த நான், பேர் சொல்லும்படி எடுத்த ஒரே படம் தலைக்குத் தடவுகிற எண்ணெய்.

சரசு என்னைக் கேலி செய்வதில்லை. அப்படித்தான் அவள் சொல்கிறாள். ஆனால் விருந்தாளி வந்து நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கிவிடுவாள், வெளிச்சம் என் மேல் விழுகிற மாதிரி. பிள்ளைகளுக்கு அது போதும். அடுத்த அறையிலிருந்து சிரிப்புக் கேட்கும்.

போன மாதம் எங்கள் மூத்த பெண்ணுக்குப் பரிசம் போட வந்தார்கள். பெண்ணின் அப்பா இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கேட்டுக்கொண்டார். எழுந்து நின்றேன். எழுந்து நின்றது நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை. கூடம் அமைதியானது. அந்த அமைதியில், பின்வரிசையில் சாய்வு நாற்காலியில் கிடந்த தங்கம்மா அத்தை கண்ணைக்கூடத் திறக்காமல், "வெயில்ல வைங்கப்பா," என்றார்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் அவர்களுக்கு விளக்கத் தொடங்கினார்கள். சோடா தெளித்த கட்டம் வரும்வரை நிற்க எனக்குத் தெம்பில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, நல்ல வெயிலாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளைப் பையன் வந்தான். காலையிலிருந்து அவனும் வாயைத் திறந்ததாக எனக்கு நினைவில்லை. அவன் கையிலும் ஒரு நாற்காலி இருந்தது. எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டான். உள்ளே சிரிப்பு அடங்கும் வரை இரண்டு பேரும் சடக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

நல்ல பையன்.